கண்ணை மூடிக்கொண்டு பார்த்த பந்தயம்

தொண்ணூறுகளில் இத்தாலியில் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு வீட்டில் வயதான ஐயா ஒருவரைப் பராமரித்து வந்தேன். நெஞ்சு வருத்தத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். அவருக்குக் குதிரை என்றால் உயிர். ஒக்டோபர் முதல் ஞாயிறு பாரிசில் ஓடும் பெரிய பந்தயத்தின் சரித்திரம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். முதலாம் உலகப்போருக்குப் பிறகு தொடங்கியதாம். அடுத்த போரில் இரண்டு வருடம் ஓடவில்லையாம். ஐம்பதுகளில் இத்தாலிக் குதிரை ஒன்று அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்றதாம். அது தன் ஆயுளில் ஒரு பந்தயமும் தோற்கவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் நடுங்கும். எனக்கு அந்த நடுக்கம்தான் பயம்.

ஒரு வருடம் பந்தயத்துக்கு முதல் நாள் அவருடைய மகள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"நாளைக்கு டிவி போடக்கூடாது. டொக்டர் சொல்லிப்போட்டார். அப்பாவுக்கு ஏதும் நடந்தா உன்னைத்தான் கேப்பன்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சேரும், உமக்கேன் உந்தக் குதிரைக் கதை? அந்தாளுக்கு ஒண்டு நடந்தா உம்மடை பெர்மெஸ்ஸோவும் அந்தாளோடை போயிடும்" என்றார்.

உண்மைதான். பெர்மெஸ்ஸோ என்கிற, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விடிய முருகனைக் கும்பிட்டு, திருநீற்றைக் கடதாசியில் சரையாக மடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மத்தியானம் மகள் வெளியே போனதும் ஐயா தொடங்கினார்.

"யுத்தம் நிப்பாட்டின பந்தயத்தை என்ரை மகளும் நிப்பாட்டப் பாக்கிறாளோ?"

கத்தக் கத்த முகம் சிவந்தது. டிவியைப் போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். கடைசியில் சொன்னேன்: "போடுறன். ஆனா சத்தம் இல்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவேணும். நான் பாத்துச் சொல்லுவன்."

"உனக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்?"

"நாலு கால் எண்டு தெரியும்."

சிரித்துக்கொண்டு கண்ணை மூடினார். சுகமில்லாதவர்களுக்கு எங்கள் வீடுகளில் செய்வதுபோல, அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசி ஊதுவத்தியும் கொளுத்தினேன். அது காவல் என்பதுதான் எனக்குத் தெரியும்.

குதிரைகள் புறப்பட்டன. "பச்சைச் சட்டைக்காரன் முன்னுக்கு... இல்லை, இப்ப மஞ்சள்" என்று அரைகுறை இத்தாலியனில் சொல்லிக்கொண்டு போனேன். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மகள்!

மூடிய கண், நெற்றியில் சாம்பல், அறை முழுக்கப் புகை. "பாப்பா!" என்று அலறினார். மனிதன் மண்ணாகப் போகிறவன் என்று நினைவுபடுத்தத்தான் அவர்களுடைய மாதா கோயிலில் நெற்றியில் சாம்பல் வைப்பார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தகப்பன் போய்விட்டார், நான் ஏதோ கடைசிச் சடங்கு செய்கிறேன் என்று மகள் நினைத்துவிட்டார்.

"கத்தாதை! கடைசி நேர்ப்பாதைக்கு வந்திருப்பினம்!" என்றார் ஐயா, கண்ணைத் திறக்காமலே.

மகள் முழந்தாளில் விழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நான் ஐயாவின் நெஞ்சில் கை வைத்தேன். படபடவென்று அடித்தது. நான் "முருகா, முருகா" என்றேன். மகள் "மடோன்னா, மடோன்னா" என்று மாதாவைக் கூப்பிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பு ஆறியது.

ஐயா கண்ணைத் திறந்தார்.

"ஆர் வெண்டது?"

நானும் மகளும் டிவிப் பக்கம் திரும்பினோம். திரையில் சவர்க்கார விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

"இரண்டு பேர் இருந்தும் ஒருத்தியும் பாக்கேல்லையோ!" என்று ஏசத் தொடங்கினார். மகள் அழுதுகொண்டே சிரித்தார். ஏச்சு நீள நீள எனக்கு மூச்சு வந்தது.