டெமோவில் காட்டாத ஃபைல்

அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு எங்கள் கன்சல்டன்சி இரண்டு பேரை அனுப்பியிருந்தது. ஒருவர் கோயம்புத்தூர்க்காரப் பெண்மணி, சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் கெட்டிக்காரர். இன்னொருவன் நான். என் ரெஸ்யூமேயில் ஐந்து வருட சி அனுபவம் என்று போட்டிருந்தது. போட்டது கன்சல்டன்சி, பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டியது நான். உண்மையில், அமெரிக்கா வந்த பிறகு கெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்து புத்தகம் பார்த்துக் கற்றதுதான். டிரைவிங் லைசென்ஸும் கிடையாது. தினமும் அவர் காரில்தான் போய்வருவேன்.

ஆபீஸில் பிரீமியம் போடும் புரோகிராம் அடிக்கடி படுத்துக்கொண்டது. பிழை பிடிக்க ஒரு டூல் வாங்க மேனேஜர் முடிவு செய்தார். இரண்டு வகை இருந்தன. ஒன்று, புரோகிராமை ஓட்டாமலே எழுதியதை வரிவரியாகப் படித்துக் குற்றம் சொல்லும். மற்றது, புரோகிராம் ஓடும்போது கூடவே இருந்து தப்பைப் பிடிக்கும். முதலாவதை அவர் சோதிக்க வேண்டும், இரண்டாவதை நான். எந்த டூலை வாங்குகிறார்களோ அதைச் சோதித்தவருக்குத்தான் கான்ட்ராக்ட் நீளும் என்பது இருவருக்கும் தெரியும்.

டெமோவுக்கு முதல் நாள் காலை, காரில் ஏறியதும் ஒரு பிரின்ட் அவுட்டை என்னிடம் நீட்டினார். இரண்டு பக்கமும், நான் எழுதிய புரோகிராம் ஃபைலில் அவருடைய டூல் பிடித்த பிழைகள். விடுவித்துவிட்ட மெமரியையே மறுபடி எடுத்துப் பயன்படுத்தியிருந்தேன், ஏழு இடத்தில். அந்தப் பகுதி வருடக் கடைசியில் மட்டும் ஓடுவது. அதனால் என் டூலின் கண்ணில் படவே இல்லை. ஐந்து வருட அனுபவக்காரன் செய்கிற தப்பில்லை அது.

"இதை டெமோல காட்டலைங்க. உங்க பேர் கெட்டுரும். சத்தமில்லாம நீங்களே சரி பண்ணிருங்க" என்றார்.

மறுநாள் அவர் காட்டியதெல்லாம் சில்லறைக் குறைகள். நான் எழுந்து, இது சும்மா நச்சரிக்கிற டூல், உருப்படியாக ஒரு பிழையைக்கூடக் காட்டவில்லையே என்றேன். சொல்லும்போது அவர் கொடுத்த பிரின்ட் அவுட் என் சட்டைப்பையில் மடித்து இருந்தது. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. மேனேஜர் அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தபடி, இந்த சாம்பிளில் கிடைத்தது இவ்வளவுதான் என்றார்.

என் டூலை வாங்கினார்கள். கான்ட்ராக்டும் எனக்கே நீண்டது. அவருக்கு வேறு ப்ராஜெக்ட் அமையவில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மேனேஜர் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. ஒரு நிமிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்கிற அந்த வெட்கங்கெட்டவன் போகவில்லை. அவருடைய லிஸ்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழு இடத்தையும் திருத்தி முடித்தான்.

கடைசி நாளும் அவர்தான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அன்று மீட்டிங்கில் ஏன் சொல்லவில்லை என்று வழியில் கேட்டேன்.

"நான் சொன்னா உங்களை அன்னைக்கே அனுப்பியிருப்பாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்க."

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நான் கேட்டது வேறு. திங்கட்கிழமையிலிருந்து என்னை ஆபீஸுக்கு ஏற்றிக்கொண்டு போக, அவருக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் சிக்னலில் கார் நின்றபோது ஒரு ஃபோன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.