பிசியோ என்றால் மசாஜா?

பிசியோதெரபி படிப்பின் கடைசி வருடம். இன்று ஆஸ்பத்திரிப் பயிற்சியில் மேற்பார்வையாளர், "இவரை நீயே எழுப்பி நிற்க வை," என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். இதில் தேறினால்தான் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

பக்கவாதம் வந்த யாழ்ப்பாணத்து ஐயா. "ஏலாது பிள்ளை, விழுந்திடுவன்."

"விழ விடமாட்டன் ஐயா. என்னைப் பிடியுங்கோ."

அவருடைய முழுப் பாரமும் என்மேல் சாய்ந்தது. ஆனாலும் நின்றார். கட்டிலருகே நின்ற மனைவியைப் பார்த்து, "நிக்கிறன், பாரும்," என்றார். அந்த அம்மா அழுதுவிட்டார்.

திரும்பும்போது லண்டன் டூட்டிங் பஸ்ஸில் கண்ணைத் திறக்க முடியாத களைப்பு. பக்கத்தில் இருந்த தமிழ் அக்கா ஒருவர், என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"மசாஜ்தானே? என்ர தோளை ஒருக்காப் பாருமன்."

பார்த்தேன். இறங்க வேண்டிய இடமும் போய்விட்டது.

உங்கள் படிப்பைச் சொன்னால் சனம் உங்களிடம் எதை நீட்டுகிறது?