நான் மூடச் சொன்ன கம்பி மூடி

போன வருடம் மழைக்காலம் தொடங்கச் சில வாரங்களுக்கு முன்பு, ஆவடி சேக்காட்டில் நடந்தது இது. எங்கள் வார்டில் எந்தெந்த வேலையை முதலில் செய்யலாம் என்று மக்களிடமும் ஊழியர்களிடமும் கேட்க, ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்கிற மிதப்போடு, ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

சும்மா போகவில்லை. வாட்ஸப் குரூப்பில் வாக்கெடுப்பு நடத்தி, மூன்று கோரிக்கைகளைத் தேர்ந்தெடுத்து, கலர் பிரிண்ட் வேறு எடுத்து வைத்திருந்தேன். முதல் கோரிக்கை, எங்கள் தெருவில் தேங்கும் மழைத் தண்ணீர்.

பத்து மணிக் கூட்டம் பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. முதல் அரை மணி நேரம் மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டார்கள். பிறகு மைக் எங்களிடம் வந்தது. ஒருவர் எதிர்வீட்டு முருங்கை மரத்தை வெட்டச் சொன்னார். எதிர்வீட்டுக்காரரும் வந்திருந்ததால் அந்த மரத்திலேயே இருபது நிமிடம் போனது. இன்னொருவர் குப்பைத் தொட்டியை இடம் மாற்றச் சொன்னார். எங்கே என்று கேட்டால், "எங்கியாவது வை சார், எங்க ஊட்டாண்ட மட்டும் வேணாம்" என்றார். எங்கே போய் முட்டிக்கொள்வது என்று இருந்தது எனக்கு.

என் முறை வந்தபோது கொதித்துப் போயிருந்தேன். "எங்க தெருவுல தூர் வார ஒருத்தரும் வர்றதே இல்லை. யார் சார் இதுக்குப் பொறுப்பு?" என்று மைக்கில் கத்தினேன். கைதட்டல் வேறு. முன்வரிசையில் இருந்த துப்புரவு சூப்பர்வைசர் உடனே பின்பக்கம் திரும்பிக் கை நீட்டினார். சுவரோரம் நின்றிருந்த தூய்மைப் பணியாளர்களில் ஒரு அம்மா முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் தெருவைத் தினமும் கூட்டுகிறவர், காண்டிராக்டில் வேலை பார்ப்பவர்.

"இன்னாம்மா, வேலை செய்ய இஷ்டம் இல்லன்னா நாளைலேந்து வராத" என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டு, சூப்பர்வைசர் நோட்டைத் திறந்து அவர் பெயரை எழுத ஆரம்பித்தார்.

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தூர் வார வாரத்துக்கு ஒருக்கா வந்துகினுதான் சார் கீறேன். தண்ணி எறங்குற கம்பி மூடி உங்க கேட்டாண்ட போட்ட ரேம்புக்கு அடில கீது. காங்கிரீட்ட நான் எப்டி சார் தொறக்கறது? வாட்ச்மேன் கைல மூணு வாட்டி சொல்லி அனுப்சேனே."

எனக்குச் சுருக்கென்றது. கார் ஏறும்போது அடி இடிக்கிறது என்று வாசலில் அந்த ரேம்பைப் போட வைத்தது நான்தான். "கீழ கம்பி மூடி கீது சார், அத்த உட்டுட்டு போடவா?" என்று மேஸ்திரி கேட்டார். கொசுவே அதிலிருந்துதான் வருகிறது, சேர்த்து மூடிவிடுங்கள் என்று நான் சொன்னேன். வாட்ச்மேன் வந்து சொன்னதும் நினைவுக்கு வந்தது. மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று மூன்று முறையும் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பேசாமல் உட்கார்ந்துவிடலாமா என்று யோசித்தேன். பொய் சொல்வானேன், யோசிக்கத்தான் செய்தேன். ஆனால் அந்த நோட்டில் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"அவங்க மேல தப்பு இல்லை சார். மூடினது நான்தான்" என்றேன். மண்டபமே சிரித்தது. முருங்கை மரத்துக்காரர்தான் முதலில் சிரித்தார். சூப்பர்வைசர் பெயரை அடித்துவிட்டு நோட்டை மூடினார். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை அவர்.

வெளியே வந்ததும் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும் சார். ரேம்ப எப்போ ஒடைப்பீங்க? மழ வந்துரும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே உடைத்தோம். அந்த மழைக்குத் தண்ணீர் நிற்கவில்லை. கார் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னமும் குரூப்பில் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

திட்டட்டும். ஊரெல்லாம் கருத்துக் கேட்ட நான், தினமும் என் வாசலைக் கூட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேனே என்று நினைக்கும்போது எனக்கே என் மேல் வரும் எரிச்சலுக்கு முன்னால், அவர்கள் திட்டுவது ஒன்றுமே இல்லை.