கூப்பிட்டது யார்?

என் கணவரின் அண்ணன் சைகோனில் ஒரு தமிழர் துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அங்கே சண்டை முற்றிக் கடையை மூடியதும் கப்பலேறி உத்திரமேரூருக்கே திரும்பிவிட்டார். வரும்போது அந்த நாட்டுப் பெண்ணை மனைவியாக அழைத்து வந்தார். எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிட்டேன். தெரு அவளுக்கு வைத்த பெயர் சீனாக்காரி. எல்லையில் சீனாவோடு நாம் சண்டை போட்டு ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது.

"சீனா இல்ல. நான் வியட்நாம்" என்று ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பிறகு விட்டுவிட்டாள்.

அவளுடைய அம்மா அங்கே ஒரு கிராமத்தில் இருந்தாள். "ஆறு கீது, கழனி கீது. அம்மா தனியா கீது" என்பாள். எங்கள் வீட்டுத் தமிழ் அதற்குள் அவள் நாக்கில் ஏறியிருந்தது.

ஒரு நாள் சைகோனிலிருந்து திரும்பிய வியாபாரி ஒருவரைப் பார்க்க மச்சாண்டார் புதுச்சேரிக்குப் போய்விட்டு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளை உட்காரவைத்துச் சொன்னார். அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து அவள் அம்மாவின் ஊரையே காலிசெய்து, ஜனங்களை லாரியில் ஏற்றி, வீடுகளைக் கொளுத்திவிட்டார்களாம். ஏற்றிப்போனவர்களை எங்கேயோ முள்கம்பி வேலிக்குள் வைத்திருக்கிறார்களாம். அம்மா அந்த லாரியில் இருந்தாளா என்று சொல்ல ஆளில்லை. அக்கா அழவில்லை. மடியில் அரிசி முறம். அடுப்பு தானாக அணைந்துபோகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதமே பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து படம் காட்டிப் பேசுவார், பெண்களும் வரலாம் என்று தண்டோரா போட்டார்கள். சினிமாப் படமென்று நினைத்து அக்காவையும் அழைத்துப் போனேன். ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிப் பகலிலேயே காட்டினார்கள். படத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டான், கிணறு தோண்டினான், பிஸ்கட் கொடுத்தான். பின்னால் ஓலைக்குடிசைகள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வூடும் அந்த மாதிரி."

படம் முடிந்து பேச்சு தொடங்கியது. குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் இது, ஜனநாயகத்தின் அருமை உங்களுக்குத் தெரியாதா என்று எங்களைக் குளிரவைத்தார். அந்த ஜனநாயகத்தைக் காக்கத்தான் அமெரிக்கா இத்தனை வருடமாக அங்கே ரத்தம் சிந்துகிறது, கூப்பிட்டார்கள், அதனால் போனார்கள், அவர்கள் திரும்பினால் சீனாக்காரன் உள்ளே வந்துவிடுவான் என்றார். சீனா என்ற சொல்லுக்குக் கைதட்டல் பறந்தது.

நான் எட்டாவது படித்தவள், பேப்பர் தினமும் படிக்கிறவள், அவ்வளவுதான். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"கூப்பிட்டது யாருங்க? அந்த ஜனங்ககிட்ட ஓலை போட்டுக் கேட்டாங்களா?"

அவர் சிரித்தார். "அந்த நாட்டு அரசாங்கம் கூப்பிட்டதம்மா."

"அந்த அரசாங்கத்த ஒக்கார வெச்சது யாரு?"

அவர் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து அரிசி மில் முதலாளி கத்தினார். "ரேஷன்ல அமெரிக்காக்காரன் கோதுமைய வாங்கித் தின்னுக்கினு அவனையே கேள்வி கேக்கறியா?"

"கோதுமை குடுத்தா வாயத் தெச்சிக்கணுமா? ஒருத்தன் நமக்கு சோறு போட்டா, அவன் வேற வூட்டக் கொளுத்தறது நாயமாயிடுமா?"

அப்போதுதான் அக்கா எழுந்தாள்.

"எங்கம்மா கூப்பிடல" என்றாள். "வூட்ட எரிச்சிட்டாங்க."

பேச்சாளர் தலையை ஆட்டினார். "யுத்தம் என்றால் சில கஷ்டங்கள் இருக்கத்தான் செய்யும், தாயே. பெரிய நன்மையை நினைக்க வேண்டும்."

ஒரு கிழவியின் வீடு அவருக்குச் சில கஷ்டம். "சீனாக்காரி இன்னா சொல்றா?" என்று யாரோ கேட்க, சிரிப்பு எழுந்தது. நான் மறுபடி வாயெடுப்பதற்குள் தலைமையாசிரியர் பையன்களுக்குச் சைகை காட்டினார். ஜன கண மன ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் விறைத்து நின்றோம். வாயை அடைக்க அதைவிட நல்ல வழி அவருக்குக் கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் குதித்தார். "பொம்பளைங்க பேசற எடமா அது? மில்லுக்காரன் மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது?"

எப்போதும் வாயைத் திறக்காத மச்சாண்டார் அன்று திறந்தார். "அதுங்க கேட்டதுல இன்னா தப்பு, நைனா? நீ பதில் சொல்லேன்."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்த அறுவடைக்கு மில்லுக்காரர் எங்கள் நெல்லை எடுக்க மறுத்தார். மூட்டைகளை வண்டியில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம்.

நடவுக்கு வந்த கூலிப் பெண்களில் ஒருத்தி, சேற்றில் நின்றபடியே அக்காவைப் பார்த்து, "ஏம்மா, உங்க அம்மா இன்னா ஆனாங்க? தகவல் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அக்கா வரப்பில் உட்கார்ந்து, செய்தி வந்த நாளில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

சண்டை அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் நடந்தது. பேப்பரில் காரணங்கள் மாறிக்கொண்டே வந்தன. முதலில் சுதந்திரம், பிறகு சீனா, கடைசியில் கௌரவமாகத் திரும்ப வேண்டும் என்றார்கள். கௌரவம்! ஒருவழியாகத் திரும்பியும் போனார்கள். அவர்களுக்குத் திரும்பிப்போக வீடு இருந்தது. அக்காவின் அம்மா எங்கே செத்தாள், செத்தாளா என்பதுகூட இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.