பக்கா புல்

எங்களுக்கு எம்.எல்.ஏ. கிடையாது. மெயின்லாண்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எப்போது ராமநாதபுரம் போனாலும் சித்தப்பா முதல் வேலையாக, "உங்க தொகுதியில யாருப்பா ஜெயிச்சது?" என்று ஆரம்பிப்பார். தொகுதி இல்லை, சட்டசபை இல்லை, அந்தமான் நிக்கோபார் தீவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து டெல்லியில் ஒரே ஒரு எம்.பி.தான் என்பேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப ரோடு சரியில்லேன்னா யாரைத் திட்டுவீங்க?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. எம்.பி.க்குக் கீழே சில பேர் உண்டு என்றாலும் எவரும் கையில் சிக்கமாட்டார்கள். பஞ்சாயத்து வார்டு மெம்பர் ஒருவரைத்தான் எங்களால் வழியில் நிறுத்தி வைத்துத் திட்ட முடியும். அந்த ஒரு பதவிக்கு என் மனைவி நின்ற கதைதான் இது. அதில் என் பங்கை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

நான் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். முதலில் குட்வில் எஸ்டேட்டில் வாடகைக்கு இருந்தோம். பிறகு வண்டூர் போகிற வழியில் ஒரு கிராமத்தில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்தோம். வந்த மாதமே மனைவி ரேஷன் கார்டு, கேஸ், ஓட்டு எல்லாவற்றையும் புது விலாசத்துக்கு மாற்றிக்கொண்டாள். எனக்கும் ஓட்டு மாற்றும் ஃபாரம் ஒன்று வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

எங்கள் வீடுகளுக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் ஒரு நாலா ஓடுகிறது. ஓடையை நாங்கள் நாலா என்றுதான் சொல்வோம். இந்தியில் வந்து தமிழில் குடியேறிவிட்ட வார்த்தை. அதைக் கடக்க ஒரு தென்னைமரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். மழை பிடித்தால் பாசி ஏறி, பெரியவர்களே தவழ்ந்து போக வேண்டியதுதான். ஒருநாள் பள்ளிக்கூடம் போகும்போது எங்கள் மகள் அதில் வழுக்கி விழுந்தாள். ஆளைப் பிடித்துவிட்டோம். புத்தகப் பை கடலுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து மழைநாளில் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் மனைவிதான் அந்த மரத்தின்மேல் நடப்பாள். ஐந்தாவது படிக்கிற பிள்ளை, கனம் கொஞ்சமா? நான் இந்தக் கரையில் நின்று, "பார்த்து, பார்த்து" என்று சொல்லுவேன்.

அந்த வருஷம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, நான் நிக்கப்போறேன்."

"எங்க?"

"எலெக்‌ஷன்ல. அந்த நாலாவுக்கு ஒரு வழி பண்ணணும்."

எதிர்வீட்டு அக்காவும் மனு போட்டார். மீன் வியாபாரம் செய்கிற குடும்பம், தூத்துக்குடிப் பக்கம் பூர்வீகம், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருக்கு ஜாக்கெட் தைப்பது என் மனைவிதான். "எலெக்‌ஷன் வேற, ஜாக்கெட் வேற. வெள்ளிக்கிழமைக்குள்ள தந்துரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் எதிர்த்து நின்றார்.

நோட்டீஸ் எழுதும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். எங்கள் ஆபீசில் தமிழில் எதை எழுதுவதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இரண்டு நாள் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதினேன். தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் கொட்டை எழுத்தில், "என்னை வெற்றிபெறச் செய்தால் நாலாவுக்குப் பக்கா புல் கட்டித் தருவேன்!"

பஜாரில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம். எல்லாரும் படித்தார்கள், தலையாட்டினார்கள். "ஆமா, புல் வந்தா பெரிய உபகாரம்" என்றார்கள். தமிழ் வாத்தியார் ஒருவரே படித்துவிட்டு, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். நான்கு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாம் நாள் எதிர்வீட்டு அக்காவின் கொழுந்தன் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வந்து இறங்கினான். அண்ணி எலெக்‌ஷனுக்கு உதவியாம். தின்பண்டம் மடித்திருந்த எங்கள் நோட்டீஸை விரித்துப் படித்தவன், வாசலுக்கு ஓடி வந்து உரக்கக் கேட்டான்.

"ஏ அண்ணாச்சி, இந்த ஊர்ல ஜெயிச்சா புல்லுக்கட்டா தருவீய? மாடு இல்லாத வீட்டுக்கு என்ன தருவீய?"

ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. இந்தியில் புல் என்றால் பாலம். தீவில் பிறந்த நாங்கள் எல்லாரும் அதைப் புல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பக்கா புல் கட்டித் தருவேன் என்றால் உறுதியான பாலம் கட்டித் தருவேன் என்று அர்த்தம். வார்டு முழுக்க அப்படித்தான் படித்தது, வாத்தியார் உட்பட. அதில் பச்சைப்பசேல் என்று புல் முளைத்திருப்பதைப் பார்க்க மெயின்லாண்டிலிருந்து ஒருவன் கப்பல் ஏறி வரவேண்டியிருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் வார்டே சிரித்தது. நான்கு நாளாகப் பாலம் என்று படித்தவர்களுக்கு இப்போது புல்லைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு புல்லுக்கட்டு கிடந்தது. ஆடு வளர்க்கிற ஒருவர் உண்மையாகவே வந்து, "நமக்கு ரெண்டு கட்டு எழுதிக்கோங்க மேம்" என்று என் மனைவியிடம் பல்லைக் காட்டினார். அவள் அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.

மானம் போகிறதே என்று கைக்காசைப் போட்டு இன்னொரு நோட்டீஸ் அடித்தேன். அதில் ஒரே வரி: "புல் என்பதைப் பாலம் எனத் திருத்தி வாசிக்கவும்."

எங்கள் வார்டில் இளவட்டங்கள் பாதிப்பேர் இந்தி மீடியத்தில் படித்தவர்கள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். பாலம் என்ற சொல் அவர்கள் வீட்டில் புழங்கியதே இல்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் எழுத்துக்கூட்டி, "பா... லா... ம். பாலாம்!" என்று படித்தாள். பக்கத்தில் இருந்தவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "அரே, மொதல்ல புல்லாம், இப்ப பாலாமா? மாடு எப்பக்கா வருது?" என்றாள். அதற்குப் பிறகு என் மனைவிக்குப் 'பால்காரம்மா' என்றே பெயர் வந்துவிட்டது.

அன்று மத்தியானம் மனைவி என் பேனாவை வாங்கி மிஷின் டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள்.

"இனிமே நீங்க எதுவும் எழுத வேண்டாம். யார்கிட்டயும் பேசவும் வேண்டாம். ஓட்டு மட்டும் போடுங்க. அது போதும்."

பிறகு அவள் பிரச்சாரமே வேறு மாதிரி ஆனது. வீட்டுக்கு ஒருவராக நாலாக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். மழை தூறிக்கொண்டிருக்கும். "மாஜி, ஏறிப் பாருங்கம்மா" என்று தென்னைமரத்தைக் காட்டுவாள். நாலடி வைத்ததும் திரும்பி வந்துவிடுவார்கள். "இதுக்குத்தான் நிக்கிறேன்" என்பாள். புல்லும் இல்லை, பாலமும் இல்லை. நான் இரண்டு நோட்டீஸில் சொல்ல முடியாததை அவள் இரண்டு சொல்லில் சொன்னாள். சிரித்தவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். அவள் ஜெயித்துவிடுவாள் என்று எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றிய அன்று எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஓட்டுப் போடும் நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு வரிசையில் நின்றேன். முன்னால் எதிர்வீட்டு அக்கா நின்றார். என் முறை வந்ததும் அலுவலர் பட்டியலில் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழே ஓட்டினார். கீழிருந்து மேலே ஓட்டினார்.

"பாய்சாப், ஆப்கா நாம் இதர் நஹி ஹை."

பெயர் இல்லை. எப்படி இருக்கும்? அது குட்வில் எஸ்டேட்டில், விட்டுவிட்டு வந்த வாடகை வீட்டு விலாசத்தில் சௌக்கியமாக இருந்தது. அந்த ஃபாரம் எங்கே போனது என்று நினைத்துப் பார்த்தேன். மகளின் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டதாக ஞாபகம்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி, பேரு இல்லியா?" என்று மெதுவாகக் கேட்டார். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். மகளின் ஸ்கெட்ச் பேனா டப்பாவில் ஊதா நிறத்தைத் தேடி எடுத்து, இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்த்து அழகாக ஒரு கோடு இழுத்தேன். மனைவி வந்து பார்த்து, "போட்டாச்சா?" என்றாள். விரலைத் தூக்கிக் காட்டினேன். மறுநாள் ஓட்டு எண்ணிக்கை. காலையில் குளித்ததும் இன்னொரு கோடு போட வேண்டியிருந்தது.

இரண்டு பேருக்கும் சமமான ஓட்டு. திரும்ப எண்ணினார்கள். அப்போதும் சமம். நான் ஊதாக் கோடு போட்ட விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். இரண்டு சீட்டு எழுதி, மடித்து, ஒரு ஸ்டீல் டப்பாவில் போட்டுக் குலுக்கி அதிகாரி ஒன்றை எடுத்தார். எதிர்வீட்டு அக்காவின் பெயர் வந்தது. கொழுந்தன் வெடி கொளுத்தினான். என் மனைவி போய் அக்காவின் கையைக் குலுக்கினாள். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவி சோறு வைத்தாள். நான் கை கழுவ உட்கார்ந்தேன். மக்கில் இருந்த தண்ணீர் ஊதாவாக மாறியது. அவள் சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள், ஒரு காலத்தில் ஃபாரம் இருந்த இடத்தை. திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

சாயங்காலம் அக்கா வந்தார். "முதல் மீட்டிங்ல நாலாவுக்குத்தான் கேக்கப்போறேன். நீயே எழுதிக் குடுத்துரு" என்று என் மனைவியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி எழுத வேண்டாம்" என்றார். மனைவி எழுதிக் கொடுத்தாள். அக்கா விடாமல் நடையாய் நடந்தார். அடுத்த மழைக்கு முன்னால் புல் வந்தது. பாலம்தான். சிமெண்டில், இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. மகள் இப்போது தானே நடந்து போகிறாள்.

சென்ற வாரம் ஞாயிற்றுக்கிழமை, மனைவி மேசைமேல் மறுபடியும் ஒரு ஃபாரத்தை வைத்தாள். பூட்டியிருந்த பேனாவையும் எடுத்து அதன்மேல் வைத்தாள். நான் மறுபேச்சில்லாமல் நிரப்பினேன். "அடுத்த தடவை நீ கண்டிப்பா ஜெயிச்சிடுவே" என்றேன்.

அவள் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் நிக்கல. நீங்க நில்லுங்க. உங்களுக்கு ஒரு ஓட்டாவது நிச்சயம். என் பேரு லிஸ்ட்ல இருக்கு."