லெவல் இறங்கிய நாள்

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். இடது கை விரல்கள் மடங்கியே இருக்கும். ஜூனில் புதுப் பள்ளிக்கூடம். அங்கே தண்ணீர் பாட்டிலைத் திறந்துதரச் சொல்லி ஒருத்தரிடமும் கேட்கமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தாள். அதற்காகத்தான் சனிக்கிழமைதோறும் எங்கள் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ரயிலேறி பெங்களூருக்குப் போனோம். அங்கே கைப்பயிற்சி தரும் ஆஸ்பத்திரியில் ஒரு ரோபோ இருந்தது. கையுறை மாதிரி விரல்களில் மாட்டிவிடுவார்கள். திரையில் விழும் மாம்பழத்தை அவள் பிடிக்க முயலும்போது அதுவும் சேர்ந்து விரல்களை விரித்து மூடும்.

நான் புல்டோசர் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். எனக்குத் தெரியாத மெஷினா? திரையின் மூலையில் ‘லெவல் எட்டு’ என்று பார்த்ததுமே விளங்கிவிட்டது, பிள்ளை பெரிய ஆள் என்று. திரும்பும் ரயில் பங்காருப்பேட்டை வருவதற்குள் பெட்டி முழுக்கச் சொல்லி முடித்தேன். மறுநாள் சர்ச்சில் மிச்சப் பேருக்கும் சொன்னேன்.

பிறகு ஏழு வந்தது, ஐந்து வந்தது. நான் சர்ச்சுக்குப் பக்கவாசல் வழியாகப் போகத் தொடங்கினேன். மூன்று வந்த அன்று பொறுக்க முடியாமல் பயிற்சி தரும் பெண்ணிடம் கேட்டேன்.

“இன்னாம்மா இது, வர வர கீழ போய்னே கீது? மெஷின்ல எதுனா ரிப்பேரா? நான் வேணா கழட்டிப் பாக்கட்டா?”

அவர் கன்னடக்காரர். என்மேல் இரக்கப்பட்டுத் தமிழிலேயே சொன்னார். “சார், அது மெஷின் குடுக்கிற ஹெல்ப்போட லெவல். கம்மி ஆனா பாப்பாவே பண்றாங்கன்னு அர்த்தம்.”

என் அப்பா தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். லெவல் எண் ஏற ஏற ஆள் பாதாளத்துக்குப் போகிறார் என்று தெரிந்து வளர்ந்தவன் நான். எனக்கே இந்தப் புத்தி. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு முதல் வாரமே தெரியுமாம்.

“நீ குஷியா இருந்தியே டாடி, அதான் சொல்லல.”

திரும்பும் ரயிலில் பாட்டிலை இடது கையில் பிடித்து, வலது கையால் மூடியைத் திருகினாள். பாட்டில் வழுக்கியது. என் கை தானாக நீண்டது. அந்த ரோபோவுக்கு இருக்கிற அடக்கம் எனக்குக் கிடையாது.

“டாடி, நீ ஜன்னலப் பாரு.”

பார்த்தேன். கோரமண்டல் ஸ்டேஷன் வந்தது, போனது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். தொழிற்சாலையில்கூட நான் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. திடீரென்று என் பேண்ட் முட்டிவரை ஜில்லென்று நனைந்தது. பின்னாலேயே அவள் மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பினால் உதவ வருகிறேன் என்று நினைத்துக்கொள்வாள். இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.