பெயரில்லாத கன்றுகளும் ஒரு மூக்கும்

மேலூர் ரோட்டில் நாங்கள் கட்டிய புது வீட்டைச் சுற்றி ஜல்லியும் சிமெண்ட் கட்டியும்தான் கிடந்தன. அவற்றை அள்ளிவிட்டுச் செம்மண் அடித்ததும் எனக்குத் தோட்ட ஆசை பிடித்துக்கொண்டது. பூத்து நிற்கும் செடிக்கு நர்சரியில் சொல்லும் விலையைக் கேட்டால் வயிறு எரியும். அதனால் நான் நேராகப் பின்பக்கம் போய்விடுவேன். பெயர்ச்சீட்டு கிழிந்து, பூவும் விடாமல், இன்னதென்று தெரியாததால் மலிவாகத் தள்ளிவிடும் கன்றுகள் அங்கேதான் கிடக்கும்.

அது என்ன செடி என்று கண்டுபிடிப்பதில் எனக்கு அப்படியொரு பைத்தியம். காம்பைக் கிள்ளிப் பால் வருகிறதா பார்ப்பேன். தண்டை உருட்டி, சதுரமா உருண்டையா என்று பார்ப்பேன். அன்றைக்கு என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவருக்குக் கோரிப்பாளையத்தில் அத்தர் கடை. பஞ்சில் ஒரு சொட்டு விட்டு மோந்தால், எதில் எதைக் கலந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கு கூட வரும்போது எனக்கென்ன கவலை?

நர்சரிக்காரர் கையை விரித்துவிட்டார். "பூத்தாத்தான்க்கா தெரியும். பாய் மோந்து சொன்னா நானும் தெரிஞ்சுக்கிருவேன்ல" என்று சிரித்துவிட்டு, வாசலில் வந்து நின்ற காரைப் பார்க்கப் போனார்.

ஒரு முள் கன்றின் இலையைக் கசக்கி நீட்டினேன். இவர் கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்து, "எலுமிச்சை" என்றார்.

அல்லாவே, எலுமிச்சையாவது! வருஷா வருஷம் ஊறுகாய் போடுகிறவள் நான். நாரத்தை வாடை என் விரலில் ஏறி நிற்கிறது. இவர் எப்படித் தப்பாகச் சொல்வார்? எனக்குக் குறுகுறுப்பு தாங்கவில்லை. "கண்ணைத் தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த குரோட்டன் இலை ஒன்றைக் கசக்கி மூக்கருகே பிடித்தேன். அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வாசமும் கிடையாது.

"மருக்கொழுந்து" என்றார். அதையும் கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னார்.

கசக்கிய இலையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணைத் திறந்து இலையைப் பார்த்தவர், தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தக் காய்ச்சலுக்குப் பெறகு வாசம் ஒண்ணுமே தெரியலம்மா. ரெண்டு மாசமாச்சு. டாக்டரு, வரலாம், வராமலும் போகலாங்கிறாரு."

"கடையில என்ன செய்றீங்க?"

"பாட்டில் இருக்கிற எடம் தெரியும்ல, எடுத்துக் குடுத்துர்றேன். கலந்து கேட்டா நாளைக்கு வாங்கன்னு சொல்லிருவேன். எம்புட்டு நாளைக்குச் சொல்றது? வெளிய தெரிஞ்சா கடைய மூட வேண்டியதுதான்."

எனக்கு வந்த கோபம்! அத்தனை நாளும் என் பிரியாணியை "வாசம் ஆளத் தூக்குது" என்று புகழ்ந்தாரே, அதுவும் நடிப்பா? என்னிடம்கூட மறைத்திருக்கிறாரே என்று ஆத்திரமாக இருந்தது. அவர் குனிந்து நின்றதைப் பார்த்ததும் அழுகையும் வந்துவிட்டது.

அன்று பூச்செடியே வாங்கவில்லை. நானே கசக்கி மோந்து, வாசமுள்ள கன்றாகப் பொறுக்கினேன். நாரத்தை, நொச்சி, திருநீற்றுப் பச்சிலை, கற்பூரவல்லி. கிராம்பும் பட்டையும் சேர்த்து அரைத்தமாதிரி மணந்த ஒன்றின் பெயர் எனக்கும் தெரியவில்லை, நர்சரிக்காரருக்கும் தெரியவில்லை. அதையும் எடுத்துக்கொண்டேன்.

"எதுக்கு இம்புட்டு?" என்றார்.

"தெனமும் கடைக்குப் போகுமுன்னால ஒவ்வொண்ணா மோந்து பாருங்க. மூக்குக்கு ஞாபகம் வருதான்னு பார்ப்போம்."

காலையில் அவர் தோட்டத்தில் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். இலையைக் கசக்குவார், இழுப்பார், உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த செடிக்குப் போவார். கேட்டால் மனசு விட்டுவிடுவாரோ என்று நான் கேட்பதேயில்லை. கடையில் இப்போது வாடிக்கையாளர்களே, "என்ன பாய், எப்பப் பார்த்தாலும் நாளைக்குங்கிறீங்க?" என்று முகம் சுளிக்கிறார்களாம். அதை மட்டும் ஒரு நாள் சொன்னார்.

மழைக்குப் பிறகு ஒரு காலை. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து கத்தினார்.

"ஏம்மா, அடுப்புல என்ன வச்ச? பால் தீயுது!"

துணியைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் அவர் வந்து நின்றிருந்தார். பாத்திரம் அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்கக் கையை நீட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்மா. செத்த நேரம் எரியட்டும்."